இங்கேயே பிறந்த பிள்ளைக்கு நீல ஐசி கேட்பது எப்படி

மலேசியாவின் தேசியப் பதிவுத் துறையான ஜே.பி.என். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். பிள்ளை பிறந்த தேதியும் இடமும். அன்றைக்கு அம்மாவிடம் என்ன ஐசி (அடையாள அட்டை) இருந்தது, குடிமக்களுக்கான நீலமா, நிரந்தரவாசிக்கான சிவப்பா, தற்காலிகவாசிக்கான பச்சையா, ஒன்றுமே இல்லையா. அப்பாவிடம் என்ன இருந்தது. நான்காவது, அவர்கள் திருமணத்தைப் பதிவு செய்த தேதி. கோயிலில் தாலி கட்டிய தேதியை எழுத வேண்டாம், பதிவாளர் முன் கையெழுத்துப் போட்ட தேதிதான் வேண்டும். இந்த நான்கும் தெரியாமல் எந்தப் பாரத்தையும் (படிவத்தையும்) நிரப்பாதீர்கள். தவறான பிரிவில் விண்ணப்பித்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, ஒரு வரிக் கடிதத்தில் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வருகிற குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நான் பினாங்கு நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பினாங்கின் பிறை என்ற ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் ஐசி இல்லாதவர்களுக்குப் பாரம் நிரப்ப உதவுகிறேன். இந்த வேலைக்கு என்னை இழுத்தது நீதிமன்றம்தான். குடிநுழைவுச் சட்ட வழக்குகளில் கூண்டில் நிற்கிற இளைஞர்கள் சிலர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்பார்கள்: "அக்கா, நான் நிபோங் தெபால்ல பொறந்தவன், என்னை எங்க அனுப்புவாங்க?" அதற்கு அந்த அறையில் யாரிடமும் பதில் இருந்ததில்லை. இந்தியாவில் அவன் பெயரில் ஒரு தாள் கிடையாது. தாத்தா ஏறி வந்த கப்பலின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

ஆவணம் இல்லாதவர்களை எல்லாம் அனுப்பிவிட வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும். நேற்று எல்லை தாண்டி வந்தவரையும், இங்கே பிறந்து இங்கே தமிழ்ப்பள்ளியில் படித்து, பெற்றோர் ஒரு பதிவைச் செய்யாததால் தாள் இல்லாமல் போனவரையும் ஒரே பட்டியலில் போடுவது அநியாயம். குற்றம் செய்தது பிள்ளை இல்லை. குடியுரிமை கொடுத்தால் கூட்டம் பெருகிவிடும் என்பார்கள். இவர்கள் ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள். ஐசி கொடுத்தால் தலை எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாது. இது என் கருத்து. ஆனால் கவுண்டரில் கருத்து எடுபடாது, தாள்தான் எடுபடும். அதனால் தாளுக்கு வருகிறேன்.

உங்கள் தாளில் அம்மாவுக்கு நீல ஐசி என்று எழுதியிருந்தால், பிள்ளையும் மலேசியாவில் பிறந்திருந்தால், பெரும்பாலும் அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே குடிமகன். அப்பா யார், திருமணம் பதிவானதா என்பதெல்லாம் இதற்குத் தடை இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவும் அதோடு சேர்ந்த இரண்டாவது அட்டவணையும் இதைச் சொல்கின்றன. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிரச்சினை குடியுரிமையில் இல்லை, பிறப்பைப் பதியாமல் விட்டதில் இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது தாமதப் பிறப்புப் பதிவு மட்டும்தான். குடியுரிமைப் பாரத்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

அப்பாவுக்கு நீல ஐசி, அம்மா வெளிநாட்டவர் அல்லது ஆவணம் இல்லாதவர் என்றால் அந்த நான்காவது வரிதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்தால்தான் சட்டப்படி செல்லும். பிள்ளை பிறப்பதற்கு முன் பதிவு நடந்திருந்தால் பிள்ளை குடிமகன். நடக்காவிட்டால், ஊரே வந்து பந்தியில் சாப்பிட்ட கல்யாணமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. குடியுரிமையில் அம்மா வழியைத்தான் பின்பற்றும். பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கநெகாரா' (குடிமகன் அல்ல) என்றோ 'பெலும் டித்தெந்துக்கான்' (இன்னும் முடிவாகவில்லை) என்றோ அச்சாகி வரும். பிள்ளை பிறந்த பிறகு ஓடிப்போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் அது பழைய தேதிக்குச் செல்லாது. அதற்காகப் பதியாமல் இருந்துவிடாதீர்கள், அடுத்த பிள்ளைக்கு அது உதவும். ஆனால் முதல் பிள்ளைக்கு வழி 15ஏ பிரிவு.

15ஏ என்பது, சிறப்புச் சூழ்நிலை என்று கருதினால் வயது வராத ஒருவரை அரசாங்கம் குடிமகனாகப் பதிய இடம் தரும் பிரிவு. தத்துப் பிள்ளைகள், பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகள், அம்மா விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் எல்லாரும் இந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. வயது வரம்பு 21 ஆக இருந்தது. அதை 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் நிறைவேறியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்க வழி செய்ததும் அதே திருத்தம்தான், அந்தப் பகுதியை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நம் குடும்பங்களைத் தொடுகிற பகுதிகள் வேறு. ஒன்று இந்த வயது. "பதினேழுதானே ஆகிறது, எஸ்.பி.எம். பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். பன்னிரண்டு வயதில், வகுப்புத் தோழர்கள் எல்லாரும் மைகார்டு என்ற நீல ஐசி எடுக்கப் போகும்போதாவது பாரம் உள்ளே போயிருக்க வேண்டும். நிராகரித்தால் மறுபடி விண்ணப்பிக்க அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

இன்னொன்று, சிவப்பு ஐசி பெற்றோர். நிரந்தரவாசிக்கு இங்கே பிறக்கும் பிள்ளை தானாகவே குடிமகன் என்பது பழைய சட்டம். இந்தத் திருத்தம் அதை எடுத்துவிட்டு, விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று மாற்றுகிறது. புதிய விதி நடப்புக்கு வருமுன் பிறந்த பிள்ளைக்குப் பழைய உரிமை பறிபோகாது. ஆகவே கவுண்டரில் பிள்ளையின் பிறந்த தேதியைச் சொல்லி, அந்தத் தேதிக்கு எந்த விதி என்று கேளுங்கள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்துக்கு இந்த மாற்றம் செய்திருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இனி எல்லாவற்றிலும் கடினமான நிலைக்கு வருவோம். அம்மாவே இங்கே பிறந்தவர், ஆனால் அவரிடமே தாள் இல்லை. ஐசி இல்லாததால் அவரால் திருமணத்தைப் பதிய முடியவில்லை. திருமணம் பதியாததால் நீல ஐசி வைத்திருக்கும் அப்பாவின் குடியுரிமை பிள்ளைக்குப் போகவில்லை. பாட்டியிடம் தொடங்கியது பேத்தி வரைக்கும் வந்து நிற்கிறது. இப்படிக் குடும்பம் வந்தால் நான் பிள்ளையின் பாரத்தை மட்டும் நிரப்பி அனுப்பிவிடுவதில்லை. பாட்டி எப்போது, எங்கே பிறந்தார் என்று கேட்பேன். 1957 ஆகஸ்டு 31-க்கும் 1962 அக்டோபருக்கும் இடையில் மலாயாவில் பிறந்தவர் என்றால், பெற்றோர் யாராக இருந்தாலும் சட்டப்படி அவர் குடிமகள். அந்த ஐந்து ஆண்டுக் காலம் எத்தனையோ பேருக்குத் தெரியாமலே இருக்கிறது. பாட்டியின் பிறப்பை நிரூபித்துவிட்டால் அம்மாவின் வழக்கு பலம் பெறும், அம்மாவுக்குக் கிடைத்தால் பிள்ளைக்குக் கிடைக்கும். மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளையின் 15ஏ பாரத்தை அதற்காக நிறுத்தி வைக்காமல் அதையும் பக்கத்தில் ஓடவிடுங்கள்.

சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்து இன்னும் சிவப்பு ஐசி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு 16-ஆவது பிரிவு இருக்கிறது. வெளியிலிருந்து வந்து குடியேறியவருக்கான 19-ஆவது பிரிவைக் காட்டிலும் இது இலகு. முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டு இங்கே வசித்திருந்தால் போதும், மலாய் மொழியும் ஆரம்ப அளவு தெரிந்தால் போதும் என்கிறது. 19-இல் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டு, அதோடு போதுமான மலாய் வேண்டும். பெரியவரை எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அடுத்தது சாட்சியங்கள். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். பிறப்பை 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதப் பதிவு, அதற்கு ஆதாரம் கேட்பார்கள். மருத்துவமனையில் பிறந்திருந்தால் பழைய பதிவேட்டிலிருந்து உறுதிக் கடிதம் கேளுங்கள். அம்மா கர்ப்பமாக இருந்தபோது அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் கொடுத்த புத்தகம், பிள்ளையின் தடுப்பூசி அட்டை எல்லாம் பெட்டிக்கு அடியில் இருக்கலாம், தேடுங்கள். வீட்டில் மருத்துவச்சி (பிடான்) பார்த்த பிரசவம் என்றால் அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பாருங்கள். பிடான் சொன்னதைச் சத்தியப் பிரமாணமாக எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்து வாங்குங்கள். எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்), யார் வீட்டில், யார் உடன் இருந்தார்கள் என்று விவரமாக எழுத வேண்டும். 'இவரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்' என்ற ஒரு வரிப் பிரமாணத்தை அதிகாரி புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அப்பா அம்மா பெயர் இருக்கும் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), தோட்டத்து ஆயாக்கொட்டகைப் (குழந்தைக் காப்பகம்) பதிவு, தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டை இவையெல்லாம் ஆதாரம். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதி ஆகியிருந்தாலும் பழைய கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) அவர் பிள்ளைகளோ அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். சுங்கை பாக்காப், நிபோங் தெபால் பக்கம் அப்படிப் பலரைக் கண்டுபிடித்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் பள்ளி விலகல் சான்றிதழும் மிகவும் முக்கியம். இங்கே வளர்ந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. குடும்பப் படம் இருந்தால் பின்புறம் தேதியோடு நகல் எடுங்கள். ஆவணம் இல்லாத இந்தியர்களைப் பதிய 2011-இல் நடந்த மைடஃப்தார் இயக்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் அந்தச் சீட்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன், அதையும் சேருங்கள். அப்பா இவர்தானா என்ற சந்தேகம் வந்தால் மரபணுப் பரிசோதனை கேட்கலாம். அது கோபப்படுவதற்கான விஷயம் அல்ல, ஒப்புக்கொள்ளுங்கள்.

பெயர் எழுத்துக்கூட்டலை ஒவ்வொரு தாளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தாளில் முனியம்மா, இன்னொன்றில் முனியாம்மாள், மூன்றாவதில் அப்பா பெயரே வேறு. நம் வீடுகளில் இது சர்வசாதாரணம், ஆனால் அதிகாரிக்கு அது மூன்று ஆட்கள். மூவரும் ஒருவரே என்று தனியாக ஒரு பிரமாணம் போட்டுப் பாரத்தோடு இணையுங்கள்.

தத்துப் பிள்ளை என்றால், தத்தைச் சட்டப்படி முடிக்காமல் குடியுரிமை கேட்கப் போகாதீர்கள். நீதிமன்ற ஆணை வழியும் உண்டு, இரண்டாண்டு வளர்த்த பிறகு ஜே.பி.என்.னில் பதியும் வழியும் உண்டு. தத்து முடிந்ததும் பிள்ளை தானாகக் குடிமகன் ஆகிவிடுகிறது என்று பலர் நம்பிக் கொண்டிருக்கிறார்கள், அப்படி ஆவதில்லை. பெற்றவர் யாரென்றே தெரியாமல் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையைக் குடிமகன் என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அறிவித்தது. உங்கள் பிள்ளையும் அப்படிப்பட்டது என்றால் அந்தத் தீர்ப்பைச் சொல்லி ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அம்மா இந்தோனேசியா, தாய்லாந்து என்று வேறு நாட்டவர் என்றால் அந்த நாட்டுக் கடப்பிதழைப் பிள்ளைக்கு எடுக்கும் முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். இங்கே பிறந்து வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர் குடிமகன் என்று இரண்டாவது அட்டவணையில் ஒரு விதி இருக்கிறது. கையில் வெளிநாட்டுக் கடப்பிதழ் வந்துவிட்டால் அந்த வாதம் போய்விடும். தாய் நாட்டுத் தூதரகத்திலிருந்து பிள்ளை அங்கே பதியப்படவில்லை என்று கடிதம் கிடைத்தால் அது உதவும். வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் பிறந்து இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு நம் சட்டம் இன்னும் நேரான வழி வைக்கவில்லை. வைக்க வேண்டும். மலாயைத் தவிர வேறு மொழி தெரியாத பிள்ளையை அது பார்த்தே இராத ஊருக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

விண்ணப்பம் காத்திருக்கும் காலத்தில் பிடிபட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருங்கள். பிறப்புப் பத்திர நகல், ஜே.பி.என். ரசீதின் நகல், அப்பா அல்லது அம்மாவின் ஐசி நகல் மூன்றும் பிள்ளையின் பையில் எப்போதும் இருக்கட்டும், கைப்பேசியிலும் படம் இருக்கட்டும். மூலத் தாள்களை வெளியே கொண்டு போகக் கூடாது. சோதனை நடந்தால் ஓடக் கூடாது. வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவில் இருக்கிறது, அது குடிமக்களுக்கு மட்டும் உரியது அல்ல. ஆனால் ஒரு வித்தியாசம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் கொண்டு வர வேண்டும் என்பது, குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட குடிமகன் அல்லாதவருக்கு 14 நாள் என்று மாறுகிறது. அந்த 14 நாளும் வீட்டார் அழுதுகொண்டு உட்கார்ந்தால் போச்சு. ஜூரு குடிநுழைவுத் தடுப்பு முகாமோ வேறு முகாமோ, எங்கே என்று கண்டுபிடித்து, தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அன்றே வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அது இருக்கிறது.

நீதிமன்றத்தில் நான் கண்டதை வைத்து ஒன்று சொல்கிறேன், இதை மறக்காதீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். குடிநுழைவுச் சட்டத்தின் 6(1)(சி) குற்றத்துக்கு, அதாவது அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்த குற்றத்துக்கு, 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு ரோத்தான் (பிரம்பு) அடி வரை இருக்கிறது. "நான் இங்கே பிறந்தவன், குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, வழக்கறிஞர் வைக்க அவகாசம் வேண்டும்" என்று தமிழிலேயே உரக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் அதை நீதிபதிக்குச் சொல்லியாக வேண்டும். வாய் திறக்காமல் தலையாட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஏஜென்டுகள் பற்றியும் சொல்ல வேண்டும். "உள்ளே நம்ம ஆள் இருக்காரு, பத்தாயிரம் கொடுங்க, மூணு மாசத்துல ஐசி" என்று வருவார்கள். கொடுக்கிறது போலி ஐசி. அதை வைத்திருப்பதே குற்றம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம். அதோடு பிள்ளையின் உண்மையான விண்ணப்பமும் பாழாகும். அதிகாரப்பூர்வ ரசீது இல்லாத எந்தப் பணமும் கொடுக்காதீர்கள். இலவசமாக உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். நாடற்றவர் பிரச்சினையில் மேற்கு மலேசியா முழுக்க வேலை செய்யும் அமைப்பு டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா. உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் கடிதம் வாங்கலாம். அந்தக் கடிதம் ஐசி தராது, ஆனால் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்லும்.

பள்ளியை நிறுத்தாதீர்கள். பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், பிறப்புப் பத்திரத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். தலைமையாசிரியர் முடியாது என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்து என்றதும் பல கதவுகள் திறக்கின்றன.

நேர்காணலுக்குக் கூப்பிடும்போது பிள்ளை தன் பெயர், வீட்டு முகவரி, பள்ளி, குடும்பம் பற்றி மலாயில் தடுமாறாமல் பேச வேண்டும். பெற்றோரும் அப்படியே. இருவரும் சொல்கிற தேதிகள் பாரத்தோடு ஒத்துப்போக வேண்டும், முந்தின நாள் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் காரணம் எழுதியிருக்காது. கடிதத்தோடு அதன் உறையையும் பத்திரப்படுத்துங்கள், கிடைத்த தேதியை மேலே எழுதுங்கள். நீதிமன்றத்தில் மறு ஆய்வு கேட்க வேண்டுமென்றால் முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான். அரசாங்கத்தின் குடியுரிமை முடிவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று இரண்டாவது அட்டவணையில் ஒரு வரி இருப்பது உண்மை. அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். ஆனாலும் பிறப்பினாலேயே குடிமகன் என்று அறிவிக்கக் கோரும் வழக்குகளை நீதிமன்றங்கள் விசாரித்து, சிலவற்றில் பிள்ளைகள் வென்றும் இருக்கிறார்கள். வழக்கு வேண்டாம் என்றால் புதிய ஆதாரத்தோடு மீண்டும் விண்ணப்பிக்கலாம். பழைய பாரத்தையே நகல் எடுத்து அனுப்பாதீர்கள். ஒரு பிரமாணமாவது, ஒரு பள்ளிக் கடிதமாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

ஒப்புதல் வந்த பிறகு சான்றிதழை வாங்கி, அதில் பெயர், தேதி, எண் மூன்றையும் கவுண்டரை விட்டு நகரும் முன் சரிபாருங்கள். அன்றைக்கே மைகார்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம் வங்கிக் கணக்கு, வேலை செய்கிறவர் என்றால் தொழிலாளர் சேமநிதியான இ.பி.எஃப். அரசாங்க கிளினிக்கில் வெளிநாட்டவர் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். திருமண வயதில் இருப்பவர் என்றால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே ஜே.பி.என்.னில் பதிவுக்குத் தேதி வாங்குங்கள்.